பின்கதவில் ஒரு சால்மன்

கில்டரா, மேயோ
15 ஏப்ரல் 1958, செவ்வாய்

மாலகி,

வந்து சேர்ந்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி பொய்யும் சொன்னேன். பாலத்துக்குப் பக்கத்தில் டர்கன் அம்மாளின் விடுதியில் மாடி அறை. பதிவேட்டில் 'திருமதி கெஹோ, வெக்ஸ்ஃபோர்டு' என்று எழுதினேன். அப்பா வீட்டுப் பெயர்தானே, அதனால் பாதிப் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும்போது உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

உன் அண்ணனின் கடிதத்தை ரயிலில் நாலு தடவை படித்தேன். 'மே ஐந்தாம் தேதி டப்ளின் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வயிற்றில் கத்தி வைக்கிறார்கள். பிழைப்பேனா என்று யாரும் சொல்லவில்லை. அதற்குமுன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு, கடிதத்தில் எழுத முடியாது. கொல்மன்.' அவ்வளவுதான். இதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் பேசாத அண்ணன் திடீரென்று கூப்பிட்டால் அது வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத்தான் என்கிறாய். சரி. மனைவியை வேவு பார்க்க அனுப்பினாய், பார்க்கிறேன்.

ஆனால் நான் ஊரை வேவு பார்க்கும் முன்பே ஊர் என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் இங்கே வருகிறவர்கள் எல்லோரும் தூண்டிலோடு வருகிறார்கள். நான் குடையோடு வந்திருக்கிறேன். நேற்றுத் தேநீர் கொண்டுவந்த டர்கன் அம்மாள் கதவை விட்டு நகரவே இல்லை.

"மீன் பிடிக்க வந்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"பிடிக்கிறவரு பின்னால வர்றாரா?"

"இல்லைங்க."

"அப்ப மத்தவங்க பிடிக்கிறதப் பாக்க வந்திருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு, ரொட்டிக்கு வைத்திருந்த ஜாமைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திருட்டு மீன் பிடிப்பவர்களைக் கண்டுபிடிக்க அரசாங்கத்திலிருந்து வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. செய்தித்தாள் கடை மிஸ் வின்னி மட்டும் பேசினாள். வாரத் தாள் வியாழக்கிழமை வருமாம், எனக்கு ஒன்று எடுத்துவைக்கவா என்று கேட்டாள். பேர் கெஹோ என்றேன். "கெஹோ" என்று சொல்லிப் பார்த்தாள், ருசி சரியில்லாத மாதிரி.

உன் அண்ணனைப் பாலத்திலிருந்து பார்த்தேன். கீழே படகில், யாரோ ஓர் ஆங்கிலேயருக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். உன் தோள்கள், உன் காதுகள். நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைத் தொட்டான். ஏன் தொட்டான் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஸ்டேஷா


கவென்ட்ரி
18 ஏப்ரல்

ஸ்டேஷா,

தொப்பியைத் தொட்டான் என்றால் உன்னைத் தெரிந்துகொண்டான். ஜாக்கிரதை.

உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொல்கிறேன். 1939, புனித வாரம். நான் ஆற்றில் சால்மனுக்குத் திருட்டு வலை போட்டேன். ஊரில் போடாதவன் யார்? வலையை எங்கள் கொட்டகையில் உத்தரத்துக்கு மேலே ஒளித்துவைத்தேன். அது எனக்கும் கொல்மனுக்கும் மட்டும்தான் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சனிக்கிழமை காலை ஆற்றுக் காவலர் ஹெஷன் இரண்டு போலீஸோடு வந்தார். வீட்டைச் சோதிக்கவில்லை. கிணற்றடியைப் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய் மேலே கையை நீட்டினார். இரண்டு வாரம் கழித்து, ஹோட்டல் படகை ஓட்டும் வேலை கொல்மனுக்குக் கிடைத்தது. கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் உள்ளே இருந்தேன். வெளியே வந்த வாரம் அம்மா போய்ச் சேர்ந்தாள். கல்லறையில் ஊரே நிற்க, அவனைப் பார்த்து "காட்டிக்கொடுத்தவனே" என்று சொன்னேன். மறுத்தானா? மறுக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அன்று மாலை ரயில் ஏறினேன்.

ஆகவே:

அவன் வீட்டில் சாப்பிடாதே. எதிலும் கையெழுத்துப் போடாதே, விருந்தினர் புத்தகத்தில்கூட. உடம்பு சரியில்லை என்பது மெய்யா என்று பார். வயிற்று நோய்க்காரன் துடுப்புப் போடுவானா? அவன் வீட்டுக்குப் போக நேர்ந்தால் முன்வாசலில் நில், அந்நியர் நிற்கிற இடத்தில். கடித உறைகளைக் கவனி. தபாலாபீஸில் இருக்கும் பிரைடி என்னோடு பள்ளியில் படித்தவள், அவள் வீட்டுக் கெண்டியில் எப்போதும் ஆவி பறக்கும்.

பின்தெருவில் நோரா கார்வி என்று ஒரு விதவை இருக்கிறாள். நான்கு குழந்தைகள், இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள். முடிந்தால் அவளைப் பார். எனக்குத் தண்டனை விதித்த அன்று நீதிமன்ற வாசலில் நின்று அழுதவள் அவள் ஒருத்திதான். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அந்த ஊரில் கிடைக்குமென்றால் அவளிடம்தான் கிடைக்கும்.

மாலகி


கில்டரா
22 ஏப்ரல், செவ்வாய்

மாலகி,

உன் உறை இரண்டு தடவை ஒட்டியதுபோல் இருந்தது. இரண்டாவது பசை முதலாவதைவிடச் சுத்தமாக இருந்தது. பிரைடிக்கு என் வணக்கம், இதையும் படிப்பாள்.

நோரா கார்வி இறந்துவிட்டாள். பிப்ரவரியில், நெஞ்சுச் சளியால். பிள்ளைகள் நாலு பேரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள், ஒருவர்கூட வர முடியவில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் இடப்பக்கம் நின்றது உன் அண்ணன். டர்கன் அம்மாள் சொன்னாள். இப்போது ஜாம் திரும்பி வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் பேசுகிறாள்.

அவன் நோய் மெய். சந்தை நாளன்று தெரு முழுக்க மாடுகள். ஒரு கிடாரி என்னைச் சுவரோடு நெருக்கியது. யாரோ அதன் மூக்கைப் பிடித்துத் திருப்பினார்கள். கொல்மன். கிட்டத்தில் பார்த்தால் காலர் கழுத்தைச் சுற்றி வளையம்போல் தொங்குகிறது. "அந்தக் கோட்டு இந்த ஊருக்குப் பத்தாதும்மா" என்று மட்டும் சொன்னான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நடிக்கிறவன் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பான், இவன் யாரும் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டான். துடுப்பை அந்த ஆங்கிலேயரே போடுகிறாராம் இப்போதெல்லாம்.

இன்னொன்று. அவன் குடிக்கப் போகும் கடையில் முன்பக்கம் மளிகை. நான் தேயிலை வாங்க நின்றபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் முக்காலி காலி. வணக்கம் சொல்கிறார்கள், உட்காரமாட்டார்கள். டர்கன் அம்மாளிடம் கேட்டேன். "அது அவன் தம்பி கல்லறையில ஒரு வார்த்த சொன்ன நாள்லேர்ந்துதான். யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா பக்கத்துல உக்காந்து தெரிஞ்சுக்க யாருக்கு ஆசை?" என்றாள். உன் வார்த்தை, மாலகி. நீ கவென்ட்ரிக்குப் போய்விட்டாய். அது இங்கேயே தங்கிவிட்டது.

நேற்றுக் காலையில் விடுதியின் பின்கதவில் ஒரு சால்மன் கிடந்தது. பெரிய மீன், ஈரப் புல்லில் சுற்றி வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று கேட்டேன். டர்கன் அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எந்த மீனு?"

"இதோ, உங்க கையில இருக்கே."

"என் கையில ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு மதியம் தட்டுல இருக்கும், அப்பவும் அது என்னன்னு நீங்க கேக்கக்கூடாது."

எங்கள் வெக்ஸ்ஃபோர்டில் மீன் கொடுத்தால் வாசலில் நின்று சத்தமாக நன்றி சொல்வோம். இங்கே நன்றி சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமாம்.

ஸ்டேஷா


கவென்ட்ரி
25 ஏப்ரல்

ஸ்டேஷா,

பத்து நாளில் உன்னை மயக்கிவிட்டான். ஒரு மாட்டின் மூக்கைப் பிடித்தான், அவ்வளவுதான், நீ அந்தப் பக்கம் போய்விட்டாய். முக்காலி காலியாக இருந்தால் நான் என்ன செய்ய? நான் மூன்று மாதம் படுத்த பலகையில் எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? உண்மையைச் சொல்: நீ யார் என்று அவனிடம் சொல்லிவிட்டாயா? என் கடிதங்களைக் காட்டினாயா? 'உன் வார்த்தை' என்று எழுதியிருக்கிறாயே, அது உன் பேச்சில்லை. அவன் பேச்சு.

நோரா போனது எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. யார் எழுதுவார்கள்?

அவளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவள் இல்லை என்பதால் சொல்கிறேன். அந்த வாரம் நான் வலை போட்டதே அவளுக்காகத்தான். புருஷன் இங்கிலாந்தில் கட்டட வேலையில் விழுந்து செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெரிய வெள்ளிக்கு அந்த நாலு குழந்தைகளுக்கும் உருளைக்கிழங்கும் உப்பும்தான். இருந்ததில் நல்ல மீனாக ஒன்றை எடுத்து, வீட்டில் கைக்குக் கிடைத்த செய்தித்தாளில் சுற்றி, விடியற்காலையில் அவள் பின்கதவில் வைத்தேன். தட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் சிறை. அந்த மீனைக் கொடுத்த கையைத்தான் அவன் பிடித்துக் கொடுத்தான். அவள் சவப்பெட்டியைத் தூக்க அவனுக்கு என்ன யோக்கியதை?

போதும். திரும்பி வா. அவன் சொல்லவேண்டியதை டப்ளின் வைத்தியரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

மாலகி


கில்டரா
28 ஏப்ரல், திங்கள்

மாலகி,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் என் மேல் நீ போட்ட பழி. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. போன வியாழக்கிழமை மிஸ் வின்னி கடையில் என் தாளை வாங்கினேன். இந்த ஊரில் எடுத்துவைத்த தாளின் மேல்மூலையில் வாங்குகிறவர் பெயரைப் பென்சிலால் எழுதுவார்கள், உனக்குத் தெரியும். முதல் வாரம் 'கெஹோ' என்று இருந்தது. இந்த வாரம் உன் குடும்பப் பெயர், 'லாவெல்' என்று இருந்தது. எனக்கு முகம் சுட்டது.

"இது என் தாள் இல்லைங்க" என்றேன்.

"ஒங்க தாள்தான். நீங்க வந்த மறுநாளே கவென்ட்ரிக்கு ஒரு கடுதாசி போட்டீங்க. உறையில மாலகி லாவெல் பேரப் பாத்தா பிரைடிக்குத் தெரியாதா? ஒரு வாரம் ஒங்க ஆசைக்கு விட்டேன். எங்கம்மா காலத்துலேர்ந்து இந்தக் கடையில தாள்ல தப்பான பேரு எழுதுனதில்லம்மா. எனக்குத் தூக்கம் வரல."

அவமானத்தோடு விடுதிக்கு வந்தேன். இன்று உன் கடிதம் வந்தது. 'கைக்குக் கிடைத்த செய்தித்தாளில் சுற்றி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மேசைமேல் என் தாள் கிடந்தது. அதன் மூலையைப் பார்த்தேன். திரும்ப உன் கடிதத்தைப் பார்த்தேன். கோட்டுகூடப் போடாமல் கொல்மன் வீட்டுக்குப் போனேன், பின்கதவால்.

"அந்தத் தாள்ல பேரு இருந்துதா?" என்று கேட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்கிட்ட நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். ஹெஷன் அந்த வெள்ளிக்கிழம பின்தெருவுல வீடு வீடாப் போயிருக்காரு. நோரா வீட்ல மீன் வாசன. ஆனா அடுப்புல ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க தின்னு முடிச்சிருச்சுங்க. வந்த மனுஷன விரட்ட முடியுமா? தேத்தண்ணி குடுத்திருக்கா. குடிச்சிட்டுக் கொல்லையில கழிப்பறைக்குப் போயிருக்காரு. அங்க ஆணியில செய்தித்தாள் துண்டு துண்டா வெட்டி மாட்டியிருந்துது. ஒரு தாளையும் வீணாக்க முடியாத வீடு அது. மேல இருந்த துண்டுல செதிலு ஒட்டியிருக்கு. மூலையில எங்க வீட்டுப் பேரு. 'ஒன் தம்பி மீனுக்கு முகவரி போட்டுல்ல அனுப்புறான்'னு எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு."

"கொட்டகைக்கு நேரே போனாராமே?" என்றேன்.

"ஈர வலைய மேல போட்டா தரையில சொட்டாதா? சின்னப் புள்ளகூடக் கண்டுபிடிச்சிருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? அவன் தெருவுல நின்னு கத்துவான், ஒனக்குத் தெரியாதா அவன? 'நோரா ஹெஷனுக்குத் தேத்தண்ணி குடுத்தா, நோரா வீட்லதான் தாளு கெடச்சுது'ன்னு ஊரு பேசும். அப்புறம் அவ கதவுல மீனு வருமா, கரி வருமா, பாலு வருமா? நாலு புள்ளைங்க. அவளே மறுநாள் எங்கிட்ட வந்து அழுதா, நான் போய்ச் சொல்லிடறேன்னா. வேணாம்னேன். எனக்குப் புள்ளையா குட்டியா? நான் தனியா உக்காந்து குடிச்சா எனக்கு என்ன கொறஞ்சுது?"

குறைந்துவிட்டது, மாலகி. அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். அவள் இப்போது இல்லை, பிள்ளைகளுக்கும் இங்கே ஒட்டு இல்லை, அதனால்தான் உனக்கு எழுதினான். கடிதத்தில் எழுதினால் பிரைடி படிப்பாள் என்பதால் எழுதவில்லை. பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. ஹோட்டல் வேலையா? பழைய படகோட்டி காலை உடைத்துக்கொண்டான், அம்மாவுக்கு மருந்து வேண்டியிருந்தது, கேட்டார்கள், போனான்.

பிரைடி, இதைப் படிக்கிறாய் என்றால் படித்துக்கொள். ஊருக்கே சொல். ஆனால் சீக்கிரம் ஒட்டி அனுப்பு. அடுத்த திங்கள் அவன் போகிறான்.

ஸ்டேஷா


கவென்ட்ரி
30 ஏப்ரல், புதன்

ஸ்டேஷா,

மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு வேலைக்குப் போகவில்லை.

முதலில் இது அவன் கட்டிய கதை என்றுதான் நினைத்தேன். அந்தத் துண்டுத் தாளைக் காட்டு, அப்போது நம்புகிறேன் என்று எழுதத் தொடங்கினேன். பாதிப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்குத் தாள் தேவையில்லை.

கொல்மனுக்கும் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அந்தப் பெயரை நான் பார்த்தேன். மீனைச் சுற்றும்போது மூலை மேலே வந்தது, 'லாவெல்', வின்னியின் அம்மா கையெழுத்து. கிழித்தெறியக் கை போனது. கிழிக்கவில்லை.

பின்கதவில் வைத்த மீனுக்குப் பெயர் கிடையாது. அது அங்கே மரியாதை. எனக்கு அந்த மரியாதை போதவில்லை. நோராவுக்குத் தெரிய வேண்டும் என்றிருந்தது. யாரோ ஊர்க்காரன் என்று அவள் நினைத்துவிடக்கூடாது, நான் என்று நினைக்க வேண்டும். இருபத்துநாலு வயது எனக்கு. தெருவில் எதிரே வரும்போது என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். நீதிமன்ற வாசலில் பார்த்தாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். சிறையில் இரண்டாவது வாரம் தோன்றியது. அந்தத் தாள், அந்த மூலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அண்ணன் மேல் கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது. உன்னை வேவு பார்க்க அனுப்பியதும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். நானே வந்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

இதெல்லாம் நம் கல்யாணத்துக்கு எட்டு வருடம் முன்னால் நடந்தது. இருந்தாலும் உனக்கு வலிக்கும். வலித்தால் நேரில் திட்டு.

வெள்ளி இரவுக் கப்பலில் வருகிறேன். சனி சாயங்காலம் கில்டராவில் இருப்பேன். அவனிடம் ஒன்றும் சொல்லாதே. நான் சொல்கிறேன். சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை.

மாலகி


டர்கன் அம்மாளிடம் கொடுத்துவைத்தது
3 மே, சனி

மாலகி,

இது உன் கையில் இருந்தால் நீ வந்துவிட்டாய். ரயிலடிக்கு வராததற்குக் காரணம் உண்டு. நோராவின் பெயரை நீ எழுதியிருந்த விதத்தை மூன்று தடவை படித்தேன். என்னைப் பற்றி அப்படி ஒரு வரி நீ எழுதியதில்லை. அதைப் பற்றிப் பேசுவோம். கொல்மன் டப்ளினிலிருந்து திரும்பி வந்த பிறகு, அல்லது வராமல் போன பிறகு. இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

நான் அவன் வீட்டில் இருக்கிறேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீ வருவதைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பிரைடி இருக்கிற ஊரில் எதை மறைப்பது? நேற்று மளிகைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். வின்னியின் தம்பி போய் அவன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தான். கொல்மன் தூக்கிய கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டான்.

இன்று காலையிலிருந்து அவன் சவரம் செய்த முகத்தை நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டான். மூன்று தட்டு எடுத்து வைத்திருக்கிறான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முன்வாசலுக்குப் போகாதே. அங்கே நிற்கிறவர்கள் பாதிரியாரும் வைத்தியரும் சவப்பெட்டியும்தான். கொல்லைப்பக்கமாக வா. வந்து, அந்த மீனை வைத்ததுபோல் ஓசையில்லாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடாதே. கதவைத் தட்டு. யார் என்று உள்ளேயிருந்து கேட்பான். தெரிந்துகொண்டேதான் கேட்பான்.

பேரைச் சொல்.

ஸ்டேஷா